அடோபியின் மாதச் சந்தாவும் அதற்கு எதிரே வளரும் மென்பொருள்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிடிபி வேலை (கணினியில் பக்கம் அமைத்து அச்சுக்குத் தயாராக்குவது), புத்தக வடிவமைப்பு, சுவரொட்டி, வீடியோ எடிட்டிங் என்று எதில் இருந்தாலும் அமெரிக்க மென்பொருள் நிறுவனமான அடோபியைத் தொடாமல் பிழைப்பு நடத்துவது கடினம். அந்த நிறுவனத்தின் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் எது நியாயம், மாற்று என்று சொல்லப்படுபவற்றில் எதை நம்பலாம், தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு எது உதவும் என்று பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அடோபியின் மென்பொருள்கள் மோசம் என்பது என் வாதம் அல்ல. நாம் உழைத்து உருவாக்கிய கோப்பைத் திறக்கும் உரிமை நம் கையைவிட்டுப் போய்விட்டது. எனக்கு உறுத்துவது அதுதான்.

அடோபி எப்படி இவ்வளவு பெரிதானது?

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்த ஜான் வார்னாக், சார்ல்ஸ் கெஷ்கி இருவரும் 1982இல் தொடங்கிய நிறுவனம் இது. பக்கத்தில் எழுத்தும் கோடும் எங்கே விழ வேண்டும் என்று அச்சுப்பொறிக்குச் சொல்லும் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழிதான் அவர்களுடைய முதல் பெரிய சரக்கு. 1985இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியில் அது ஏறியது. அதே ஆண்டில் ஆல்டஸ் நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரும் வந்தது. டிடிபி என்ற தொழிலே இந்தக் கூட்டணியில்தான் பிறந்தது. 1990இல் படங்களைத் திருத்தும் ஃபோட்டோஷாப், 1993இல் பிடிஎஃப். பிடிஎஃப்பை 2008இல் சர்வதேசத் தரமாகத் திறந்துவிட்டார்கள். இன்று யாருக்கும் காசு கொடுக்காமல் எந்த மென்பொருளிலும் பிடிஎஃப் உருவாக்க முடிகிறது என்றால் அதற்கு அடோபிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

சந்தா முறையில் அப்படி என்ன குறை? மாதாமாதம் கட்டுவது சுலபம்தானே?

நுழைவது சுலபம், மறுக்கவில்லை. அடோபியின் மென்பொருள்களைச் சேர்த்து 2012இல் வந்த கிரியேட்டிவ் சூட் 6இன் முழுத் தொகுப்பு அமெரிக்காவில் 2,599 டாலர். புதிதாகத் தொழில் தொடங்கும் பையனால் அதை நினைத்தும் பார்க்க முடியாது. 2013 மே மாதம், புதுப் பதிப்புகளை இனிமேல் பெட்டியாக விற்கமாட்டோம், அவற்றுக்குக் கிரியேட்டிவ் கிளவுட் சந்தா மட்டும்தான் என்று அடோபி அறிவித்தபோது, முதல் மாதத்தைச் சிறிய தொகையில் தொடங்க முடிந்தது பலருக்கு உதவியாகவே இருந்தது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. முன்பு ஒரு பதிப்பை வாங்கினால் அது உங்களுடையது. புதுப் பதிப்பு பிடிக்கவில்லையா, பழையதிலேயே பத்து வருடம் ஓட்டலாம். பல அச்சகங்கள் அப்படித்தான் ஓட்டின. இப்போது மாதம் தவறினால் மென்பொருள் பூட்டிக்கொள்ளும். மென்பொருள் போனால் போகட்டும், அதில் செய்த வேலை என்ன ஆகும்? ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பை வேறு சில மென்பொருள்கள் ஓரளவு திறக்கும். பக்க வடிவமைப்புக்கான இன்டிசைனின் கோப்புக்குக் கதி அப்படியில்லை. 300 பக்கப் புத்தகத்தைப் பாராவுக்குப் பாரா சீர்செய்து வைத்திருப்பீர்கள். இரண்டாம் பதிப்புக்கு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டுமென்றாலும் சந்தா உயிரோடு இருக்க வேண்டும்.

வருமானம் மாதாமாதம் சீராக வராத தொழில் நம்முடையது. தேர்தல் சமயத்தில் தூங்க நேரமிருக்காது. திருமண சீசன் முடிந்தால் ஈ ஓட்டுவோம். அப்படிப்பட்டவர்களிடம் ஆண்டு முழுக்க ஒரே சீராக வாடகை கேட்பது எந்த வகையில் நியாயம்?

சந்தாவை இடையில் நிறுத்தினால் அபராதம் கட்ட வேண்டுமாமே?

ஒரு திட்டத்தில் ஆம். அதில்தான் பெரும்பாலோர் மாட்டினார்கள். 'ஆண்டுத் திட்டம், மாதத் தவணை' என்று ஒன்று உண்டு. மாதச் சந்தா போலத் தெரியும், உண்மையில் அது ஓராண்டு ஒப்பந்தம். முதல் 14 நாட்கள் தாண்டிய பிறகு, முதல் ஆண்டுக்குள் நிறுத்தினால் மீதித் தவணைகளில் பாதியைக் கட்ட வேண்டும் என்பது விதி. நான்கு மாதம் கட்டிவிட்டு நிறுத்துகிறீர்கள் என்றால் பாக்கி எட்டு மாதம். அதில் பாதி, அதாவது பயன்படுத்தாத நான்கு மாதத்துக்கான பணம் போய்விடும்.

2024 ஜூன் மாதம் அமெரிக்க அரசு இதற்காகவே அடோபி மீதும் அதன் உயர் அதிகாரிகள் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. இந்தக் கட்டண விவரத்தைச் சிறிய எழுத்திலும் சொடுக்கினால் மட்டுமே தெரியும் குறிப்புகளிலும் ஒளித்து வைத்தார்கள், நிறுத்த வருகிறவரைப் பக்கம் பக்கமாக அலைய விட்டார்கள் என்பது அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் குற்றச்சாட்டு. எங்கள் விதிகள் வெளிப்படையானவை என்று அடோபி மறுத்தது. வழக்கு ஒருபுறம் இருக்கட்டும், புதிதாகச் சேருகிறவர்கள் பணம் கட்டும் பக்கத்தில் மூன்று திட்டங்களில் எது தேர்வாகியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். விலை குறைவாகத் தெரிவது பெரும்பாலும் இந்த ஓராண்டு ஒப்பந்தமாகத்தான் இருக்கும்.

ஒரு நாடே அடோபியை இழந்ததாகச் சொல்கிறார்களே?

வெனிசுவேலா. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசின் தடை உத்தரவைக் காரணம் காட்டி, அந்த நாட்டில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப் போவதாக அடோபி அறிவித்தது. கட்டிய பணமும் திரும்பக் கிடைக்காது என்று முதலில் சொன்னார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் பணம் தருவோம் என்றார்கள். கடைசியில் அரசிடம் அனுமதி பெற்று, கெடு முடிவதற்குள் சேவையைத் தொடர்ந்தார்கள்.

நல்லவிதமாகத்தான் முடிந்தது. ஆனாலும் அந்த மூன்று வாரம் அங்கிருந்த ஒரு வடிவமைப்பாளரின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். சண்டை இரண்டு அரசுகளுக்கு இடையே. பூட்டு இவருடைய கணினியில்.

பழைய கோப்புகளில் நிறங்கள் கறுப்பாகிப் போனது எதனால்?

பான்டோன் நிறங்களால். அச்சுத் தொழிலில் ஒரு நிறுவனத்தின் சின்னத்துக்கு எப்போதும் ஒரே நிறம் வர வேண்டும் என்பதற்காக எண் கொடுத்து விற்கப்படும் நிறத் தொகுப்பு அது. பல ஆண்டுகளாக ஃபோட்டோஷாப்பிலும் கோட்டுப் படம் வரையும் இல்லஸ்ட்ரேட்டரிலும் கூடவே வந்துகொண்டிருந்தது. அடோபிக்கும் பான்டோனுக்கும் இருந்த உரிம ஏற்பாடு மாறியதும், 2022 இறுதியில் அந்தத் தொகுப்புகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டன. வேண்டுமானால் பான்டோனுக்குத் தனியாக மாதச் சந்தா கட்டச் சொன்னார்கள்.

அதன் பிறகு ஃபோட்டோஷாப்பில் பழைய கோப்பைத் திறந்தவர்களுக்கு, பான்டோன் நிறம் இருந்த இடமெல்லாம் கறுப்பு. பல ஆண்டுகளுக்கு முன் வாடிக்கையாளருக்கு முடித்துக் கொடுத்த வேலை, கணினியில் அப்படியே கிடந்த கோப்பு, யாரும் தொடாமலேயே நிறம் மாறிவிட்டது. இரண்டு நிறுவனங்கள் தமக்குள் போட்ட கணக்குக்கு நம் அலமாரியில் இருந்த வேலை பலியானது. சந்தா முறையின் மீது எனக்குள்ள கோபத்துக்கு இதைவிடத் துல்லியமான காரணம் வேறில்லை.

போட்டியாளர்களை விலைக்கு வாங்கியே வளர்ந்தார்கள் என்பது உண்மையா?

பாதி உண்மை. ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இரண்டும் தரத்தால் ஜெயித்தவை. ஆனால் ஃப்ரீஹேண்ட் கதையைத் தெரிந்துகொண்டால் மற்ற பாதி விளங்கும்.

1988இல் வந்த ஃப்ரீஹேண்ட், இல்லஸ்ட்ரேட்டருக்கு நேரடிப் போட்டி. ஆல்ட்சிஸ் என்ற சிறு நிறுவனம் உருவாக்க, ஆல்டஸ் விற்றது. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியபோது பேஜ்மேக்கரோடு ஃப்ரீஹேண்டும் கைக்கு வந்திருக்க வேண்டும். ஃபெடரல் டிரேட் கமிஷன் குறுக்கிட்டது. ஃப்ரீஹேண்டை ஆல்ட்சிஸிடமே திருப்பிக் கொடு, பத்தாண்டுகளுக்கு அனுமதியின்றி இப்படியொரு மென்பொருளை வாங்கக் கூடாது என்றது. பிறகு ஆல்ட்சிஸை மேக்ரோமீடியா என்ற நிறுவனம் வாங்க, ஃப்ரீஹேண்ட் அங்கே போய்ச் சேர்ந்து நன்றாகவே வளர்ந்தது. 2005இல், பத்தாண்டுக் கெடு கழிந்த நிலையில், அடோபி சுமார் 340 கோடி டாலருக்கு மேக்ரோமீடியாவையே வாங்கிவிட்டது. 2007இல் ஃப்ரீஹேண்டுக்கு இனிப் புதுப் பதிப்பு வராது என்று அறிவித்தார்கள். அதன் பயனர்கள் 2011இல் வழக்குப் போட்டார்கள், அது சமரசத்தில் முடிந்தது. ஃப்ரீஹேண்ட் மட்டும் மீளவில்லை.

ஒரு மென்பொருள் செத்துப்போனால் அதில் கை பழகியவர்களின் திறமையும் சேர்ந்து சாகிறது. எந்த விசை எங்கே, எந்தக் கோட்டை எப்படி வளைப்பது என்று விரல்கள் கற்றுக்கொள்ள வருடக்கணக்காகும்.

ஃபிக்மாவை ஏன் வாங்க முடியவில்லை?

இந்த முறை கட்டுப்பாட்டு அமைப்புகள் விழித்துக்கொண்டன. டிலன் ஃபீல்டும் இவான் வாலஸும் 2012இல் தொடங்கிய ஃபிக்மா, செயலிகளின் திரைகளை வடிவமைக்கும் கருவி. பிரவுசரிலேயே ஓடும், ஒரே கோப்பில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். அதே வேலைக்கான அடோபியின் எக்ஸ்டி அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. 2022 செப்டம்பரில் 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவை வாங்கப் போவதாக அடோபி அறிவித்தது.

பிரிட்டனின் போட்டிச் சந்தை ஆணையமும் ஐரோப்பிய ஆணையமும், இது போட்டியை ஒழிக்கும் ஏற்பாடு என்று ஆட்சேபித்தன. 2023 டிசம்பரில் இரு தரப்பும் ஒப்பந்தத்தைக் கைவிட்டன. அடோபி 100 கோடி டாலரை ஃபிக்மாவுக்கு இழப்பீடாகக் கொடுத்தது. 2025 ஜூலையில் ஃபிக்மா நியூயார்க் பங்குச்சந்தையில் தனி நிறுவனமாகவே பட்டியலானது. ஃப்ரீஹேண்டுக்குக் கிடைக்காத பாதுகாப்பு ஃபிக்மாவுக்குக் கிடைத்ததில் எனக்கு மனநிறைவு உண்டு.

என் படங்களை எடுத்துச் செயற்கை நுண்ணறிவுக்குப் பாடம் நடத்துகிறார்களா?

வாடிக்கையாளரின் கோப்புகளை, படம் உருவாக்கும் தன் செயற்கை நுண்ணறிவான ஃபயர்ஃப்ளையின் பயிற்சிக்குப் பயன்படுத்துவதில்லை என்று அடோபி எழுத்திலேயே கொடுத்திருக்கிறது. கொடுக்க வைத்தது பயனர்களின் கோபம். 2024 ஜூனில் புதிய விதிகளுக்குச் சம்மதித்தால்தான் ஃபோட்டோஷாப் திறக்கும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. உங்கள் உள்ளடக்கத்தைத் தானியங்கி முறையிலும் ஆட்கள் மூலமும் நாங்கள் அணுகலாம் என்று அதில் இருந்தது. வெளியாகாத படத்தின் சுவரொட்டியை ரகசிய ஒப்பந்தத்தின் பேரில் செய்துகொண்டிருப்பவர் இதற்கு எப்படிச் சம்மதிப்பார்? எதிர்ப்பு பெருகியதும் சில நாட்களில் விதிகளைத் தெளிவாகத் திருத்தி வெளியிட்டார்கள்.

அடோபியின் பட விற்பனைத் தளமான அடோபி ஸ்டாக்கில் படம் விற்றவர்களின் குறை வேறு. அவர்களுடைய படங்கள் ஃபயர்ஃப்ளைக்குப் பயிற்சியாகின. இப்படியொரு பயன் வருமென்று படம் போட்ட காலத்தில் அவர்களுக்குத் தெரிய வழியே இருக்கவில்லை.

சரி, மாற்று என்ன இருக்கிறது?

வேலையைப் பொறுத்துச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் பார்க்கும்போது, இதை நடத்துகிறவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியையும் கேட்டுவிடுங்கள். நாளைக்கு அது எந்தப் பக்கம் திரும்பும் என்று அதிலிருந்து தெரியும்.

வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ். ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் 2009இல் வாங்கி வளர்த்தது. கலர் கிரேடிங்கில், அதாவது காட்சிகளின் நிறத்தைச் சீர்செய்வதில், திரைத்துறையே நம்பும் கருவி. பெரும்பாலான வேலைக்கு இலவசப் பதிப்பே போதும். ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒரே தடவை. அவர்கள் கேமராவும் கருவிகளும் விற்றுச் சம்பாதிக்கிறவர்கள் என்பதால் மென்பொருளை மலிவாகத் தர முடிகிறது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் மட்டும் திணறும்.

படத்துக்கும் பக்க வடிவமைப்புக்கும் அஃபினிட்டி. பிரிட்டனின் நாட்டிங்காமில் உள்ள செரிஃப் நிறுவனத்தின் தயாரிப்பு. ஒரு தடவை வாங்கினால் போதும் என்று விற்றதாலேயே சந்தாவை வெறுத்தவர்கள் அங்கே ஓடினார்கள். 2024 மார்ச்சில் இணையவழி வடிவமைப்பு நிறுவனமான கேன்வா அதை வாங்கியது. நிரந்தர உரிமம் எப்போதும் இருக்கும் என்று அப்போது வாக்குக் கொடுத்தார்கள். 2025 அக்டோபரில் படம், வரைகலை, பக்க வடிவமைப்பு என்று தனித்தனியாக இருந்த மூன்று மென்பொருளையும் ஒன்றாக்கி இலவசமாக்கினார்கள், பழைய பதிப்பின் விற்பனை நின்றது. திறக்கக் கேன்வா கணக்கு வேண்டும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்குச் சந்தா வேண்டும். இலவசம் என்பது நல்ல செய்திதான். ஆனால் விலை கொடுத்து வாங்கியவருக்கு இருந்த பிடிமானம் இதில் இல்லை. அதன் கோப்பும் அதற்கு மட்டுமே புரியும் கோப்பு. அடோபியிடம் பட்ட பாட்டை மறக்காதவர்கள் இதையும் அதே கண்ணோடு பார்ப்பது நல்லது.

யாரும் விலைக்கு வாங்க முடியாதவை, எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருள்கள்தான். கோட்டுப் படம் வரையும் வெக்டர் வரைகலைக்கு இங்க்ஸ்கேப், ஓவியத்துக்குக் கிரிட்டா, படத் திருத்தத்துக்குக் கிம்ப், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0இல், ஃபில்டர்களைப் போட்ட பிறகும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. அச்சுக்குரிய நான்கு மை நிறங்களான சிஎம்ஒய்கேயில் இன்னமும் நேரடியாக வேலை செய்ய முடியாதது அச்சுக்காரர்களுக்குக் குறைதான். கிரிட்டாவும் ஸ்கிரைபஸும் சிஎம்ஒய்கேயைக் கையாளும்.

இவற்றில் தமிழ் ஒழுங்காக வருமா?

என்னைப் பொறுத்தவரை விலையைவிட முக்கியமான கேள்வி இதுதான்.

எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் 'கொ' என்று தட்டும்போது கணினி முதலில் 'க'வையும் அடுத்து ஒகரக் குறியையும் சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் போக வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். மென்பொருளுக்குள் இருக்கும் எழுத்து வடிவமைப்புப் பொறி இதைச் செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி வட்டத்தோடு உடைந்து தெரியும்.

அடோபி இதைத் தாமதமாகத்தான் சரிசெய்தது. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். கடைசிவரை அதற்கு யுனிகோட் தமிழ் தெரியாது. அதனால்தான் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளினோம். கிரியேட்டிவ் சூட் 6இல்தான் இன்டிசைனில் தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு ஆதரவு வந்தது. இப்போதும் பத்திக்கான மெனுவில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால்தான் கொம்பு இடத்தில் உட்காரும். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் எழுத்து அமைப்புகளை இப்படி மாற்ற வேண்டியிருந்தது.

மாற்றுகளில் இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல்களை நம்பியிருப்பதால் யுனிகோட் தமிழை எந்த அமைப்பையும் மாற்றாமலே சரியாகக் காட்டுகின்றன. ஸ்கிரைபஸில் 2017இல் வந்த 1.5.3 பதிப்பிலிருந்து வருகிறது, 2024 தொடக்கத்தில் வெளியான 1.6 நிலையான பதிப்பிலும் உண்டு. அஃபினிட்டி இரண்டாம் பதிப்புவரை தமிழில் தோற்றது. உலகமே கொண்டாடிய மென்பொருளில் 'தேநீர்' என்று ஒரு சொல் சரியாக வரவில்லை. எழுத்தை இங்க்ஸ்கேப்பில் போட்டு, கர்வ்ஸ் ஆக்கி, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றிக் கொண்டுபோய் ஒட்டித்தான் சமாளித்தார்கள். எந்தப் புது மென்பொருள் வந்தாலும் 'கொடை, தேநீர், கௌரவம், ஸ்ரீ' என்று நான்கு சொல் தட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.

பழைய பேஜ்மேக்கர் கோப்புகளை என்ன செய்வது?

கட்டற்ற அலுவலக மென்பொருளான லிப்ரெ ஆஃபிஸ் 2015இலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது, ஸ்கிரைபஸும் திறக்கும். பக்க அமைப்பு கொஞ்சம் கலையும், எழுத்தும் பழைய குறியீட்டிலேயே வரும். அதை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு யுனிகோடாக்கிக்கொள்ளலாம். மாற்றிய பிறகு ஒருமுறை மெய்ப்புப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

கிராக் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்ததே?

தீராது. கிராக்கோடு வரும் வைரஸில் மொத்த வேலையையும் இழக்கும் ஆபத்து ஒன்று. திருட்டுப் பிரதியில் பழகிய ஒவ்வொரு ஆளும் அடோபிக்குக் கூலியில்லாத விளம்பரம் என்பது இன்னொன்று. எல்லோருக்கும் ஃபோட்டோஷாப் மட்டுமே தெரிந்திருப்பதால்தான் வேலைக்கு ஆள் எடுக்கிறவரும் அதையே கேட்கிறார். நம் ஊரில் இங்க்ஸ்கேப் வளராமல் போனதற்கு விலை காரணமல்ல, அதுவும் ஃபோட்டோஷாப்பின் திருட்டுப் பிரதியும் இங்கே இலவசமாகவே கிடைத்தன.

அச்சகத்தில் ஏற்றுக்கொள்வார்களா?

மூலக் கோப்பைக் கேட்காமல் பிடிஎஃப்பாகக் கேட்கும் அச்சகம் என்றால் எதில் செய்தீர்கள் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. அச்சுக்கென்றே வகுத்த பிடிஎஃப் எக்ஸ் தரத்திலேயே ஸ்கிரைபஸ் கொடுக்கும். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் ஓடும் அச்சகங்களுக்கு எழுத்தைக் கர்வ்ஸ் ஆக்கிய பிடிஎஃப் போதும். முதல் வேலைக்கு முன் ஒரு பக்கத்தை அனுப்பி, கறுப்பு எழுத்து நான்கு நிறமாகப் பிரியாமல் கறுப்பில் மட்டும் விழுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு பெரிய நிறுவனத்தை யாரால் அசைக்க முடியும்?

1990களில் இதே கேள்வியை குவார்க் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் நிறுவனத்தைப் பற்றிக் கேட்டார்கள். பத்திரிகை அலுவலகம் என்றால் குவார்க் எக்ஸ்பிரஸ்தான் என்ற காலம். விலை அதிகம், வாடிக்கையாளரை மதிக்கமாட்டார்கள் என்ற புகார் எங்கும் இருந்தது. 1998இல் அடோபியையே விலைக்கு வாங்கப் பார்த்தது குவார்க். அடுத்த ஆண்டே அடோபி இன்டிசைனைக் கொண்டுவந்தது. ஆப்பிள் கணினிகள் புதிய இயங்குதளத்துக்கு மாறியபோது இன்டிசைன் 2002இலேயே தயாராக நின்றது, குவார்க் 2003வரை இழுத்தடித்தது. காத்திருந்து சலித்தவர்கள் கூட்டமாக இன்டிசைனுக்கு மாறினார்கள். அன்றைக்கு வளர்ந்துவரும் போட்டியாளர் அடோபிதான்.

உடனடியாக எதையும் மாற்ற முடியாது. இப்போதைக்கு என்ன செய்யலாம்?

சந்தா உயிரோடு இருக்கும்போதே கோப்புகளை வெளியே எடுத்து வையுங்கள். முடித்த ஒவ்வொரு இன்டிசைன் வேலையையும், வேறு மென்பொருளும் படிக்கக்கூடிய வடிவமான ஐடிஎம்எல் ஆகவும் அச்சுத்தர பிடிஎஃப் ஆகவும் சேர்த்துச் சேமியுங்கள். ஐடிஎம்எல்லை ஸ்கிரைபஸும் அஃபினிட்டியும் திறக்கும். அதேபோல் இல்லஸ்ட்ரேட்டர் வேலைகளை எஸ்விஜி வடிவிலும் படங்களை டிஃப் வடிவிலும் சேமியுங்கள். பான்டோன் நிறம் பயன்படுத்தியிருந்தால் அதற்கு இணையான சிஎம்ஒய்கே எண்களைக் கோப்போடு ஒரு குறிப்பில் எழுதி வையுங்கள். எழுத்துருக்களையும் அதே உறையில் போடுங்கள். அடோபி ஃபான்ட்ஸ் மூலம் வந்த எழுத்துரு சந்தாவோடு போய்விடும் என்பதால், நீண்ட நாள் வாழ வேண்டிய புத்தகங்களுக்குக் கட்டற்ற தமிழ் யுனிகோட் எழுத்துருக்களையே பயன்படுத்துங்கள். அடுத்து வரும் சிறிய வேலை ஒன்றை, ஒரு அழைப்பிதழோ துண்டறிக்கையோ, இங்க்ஸ்கேப்பில் தொடங்கி அச்சுவரை கொண்டுபோய்ப் பாருங்கள். சந்தா புதுப்பிக்கும் தேதியை இரண்டு வாரம் முன்னதாகவே நினைவூட்டும்படி கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.